வடிகட்டிய வகுப்பறை: உயர்தட்டுக் கல்வியும் பழகுந்திறனும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பெயர்பெற்ற கல்வி நிறுவனங்களில் பயின்றவர்கள் தம்மைப் போன்றவர்களோடு மட்டுமே இயல்பாகப் பேசப் பழகியிருக்கிறார்கள் என்பதும், பிறர் வகுத்த தேர்வுகளில் வென்று வென்றே வளர்ந்ததனால் விடை தெரியாத கேள்வியைத் தாமே எழுப்பிக்கொள்ளும் துணிவை இழந்துவிட்டார்கள் என்பதும் இன்று பல நாடுகளில் எழும் குற்றச்சாட்டுகள். இவை தனித்தனிக் குறைகளாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. பழகத் தெரியாமை நடத்தை சார்ந்தது என்றும் தற்சிந்தனையின்மை அறிவு சார்ந்தது என்றும் பிரிக்கப்பட்டு, முன்னதற்கு ஆளுமைப் பயிற்சி முகாமும் பின்னதற்குப் பாடத்திட்ட மாற்றமும் மருந்தாகச் சொல்லப்படுகின்றன. இவ்வுரை அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. தன்னோடு உடன்பட எந்தக் கட்டாயமும் இல்லாத ஒருவரால் திருத்தப்படும் வாய்ப்பு ஒரு மாணவருக்கு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுக்கே இரு திறன்களும் வளர்கின்றன என்பதும், அந்த வாய்ப்பைக் குறைப்பது கற்பித்தலின் தரத்தைவிட மாணவர் சேர்க்கையில் நிகழும் வடிகட்டலே என்பதும் இதன் நிலைப்பாடு. இதற்குக் களமாகத் திருவள்ளூர் மாவட்டமும் அதன் வடகோடியிலுள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியும் கொள்ளப்படுகின்றன.

உயர்தட்டுக் கல்வி என்று இங்குக் குறிக்கப்படுவதில் கட்டணம் மிகுந்த பள்ளிகளோடு வேறு சிலவும் அடங்கும். வாயிலிலேயே பெரும்பாலோரை விலக்கிவிட்டு, விலக்கப்படாதவர்களுக்கு அந்த விலக்கலையே தகுதிச் சான்றாக வழங்கும் கல்வி எதுவும் இவ்வகையைச் சேர்ந்ததே. விலக்கும் கருவி பணமாகவோ நுழைவுத் தேர்வாகவோ பெற்றோரின் ஆங்கிலமாகவோ இருக்கலாம். வயதாலும் சாதியாலும் வருவாயாலும் மொழியாலும் வேறுபட்டவரிடம் கேட்கவும் சொல்லவும், அவரை மறுக்கவும் அவரால் மறுக்கப்படவும் இயலும் ஆற்றலே பழகுந்திறன். வேலைவாய்ப்பு நேர்காணலுக்காகக் கல்லூரிகள் நடத்தும் ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ வகுப்பு இதன் ஓரத்தைக்கூடத் தொடுவதில்லை. கிடைத்த விடையை, அதைத் தந்தவரின் பெயரையும் பதவியையும் ஒதுக்கிவைத்துவிட்டுச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தைத் தற்சிந்தனை என்று கொள்ளலாம்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்துவந்த வில்லியம் டெரெசியெவிச் 2008இல் எழுதிய ஒரு கட்டுரையும், 2014இல் அதை விரித்து எழுதிய நூலும் இந்த விவாதத்தை உலகளவில் பரப்பின. தம் வீட்டுக்குக் குழாய் பழுதுபார்க்க வந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசத் தெரியாமல் நின்றதை அவர் வெளிப்படையாகப் பதிவுசெய்தது பலரையும் தொட்டது. ஆனால் இதன் சாரத்தை அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்திய அரசின் ஆவணம் ஒன்று கூறிவிட்டது. டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்வி ஆணையம் (1964–66) தன் அறிக்கையில், ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவரும் ஒரே பள்ளியில் பயிலும் அண்மைப் பள்ளி முறையையும் அதனை அடித்தளமாகக் கொண்ட பொதுப் பள்ளி அமைப்பையும் பரிந்துரைத்தது. வசதி படைத்தோர் தம் பிள்ளைகளைத் தனியே பிரித்து வைப்பதால் ஏழைப் பிள்ளைகள் நல்ல பள்ளியை இழக்கிறார்கள் என்பதோடு அந்த ஆணையம் நின்றுவிடவில்லை. வாழ்க்கையின் நடப்புகளோடு தொடர்பற்றுப் போவதால் வசதி படைத்த பிள்ளைகளின் கல்வியே சோகை பிடித்ததாகவும் அரைகுறையானதாகவும் ஆகிவிடுகிறது என்று எச்சரித்தது. யேல் பேராசிரியரின் ஒப்புதலைப் படித்து வியந்த இந்திய வாசகர்கள் பலர், தம் நாட்டு ஆணையத்தின் தடித்த அறிக்கையை நூலக அடுக்கிலிருந்து எடுத்துப் பார்த்ததில்லை.

அமெரிக்கக் குற்றச்சாட்டைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே கொண்டுவந்து பொருத்தவும் முடியாது. இங்கு உயர்தட்டுக் கல்வி ஒரே வகையினதாக இல்லை. 1858இல் தோன்றிய உதகை லவ்டேல் லாரன்ஸ் பள்ளி போன்ற மலைநகர உறைவிடப் பள்ளிகள் ஒரு வகை. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய சென்னை ஐஐடி போன்ற தேசிய நிறுவனங்கள் மற்றொரு வகை. நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் மதிப்பெண் பள்ளிகள் மூன்றாவது வகை. எண்ணிக்கையிலும் பரவலிலும் இதுவே பெரியது. இந்த மூன்றாம் வகைக்குப் பிள்ளையை அனுப்புபவர் பெரும்பாலும் பரம்பரைச் செல்வர் அல்லர். லாரி உரிமையாளர், அரசு எழுத்தர், கும்மிடிப்பூண்டி உருக்காலையில் ஃபோர்மேனாக இருப்பவர் ஆகியோர் கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் அனுப்புகிறார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் பழக்கம் அங்கு வேரூன்றியதனால்தான், 2017இல் மாநில அரசு தரவரிசை அறிவிப்பதைக் கைவிட்டதோடு பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி அந்தத் தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. ஒரே பாடத்தை ஈராண்டு உருப்போடும் பிள்ளைக்குத் தற்சிந்தனை எங்கிருந்து வரும் என்று கேட்பது எளிது. ஆனால் தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகும் அப்பிள்ளைக்கு அந்த உருப்போடல் ஒரு வாழ்நாள் வாயிலைத் திறந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாத கேள்வி நேர்மையற்றது.

இந்த இடத்தில் தமிழகத்தின் பழைய காயம் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், ஊர்ப்புறப் பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் பயின்று, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று எதிர்க்கப்பட்ட அதனை 1954இல் காமராசர் அரசு கைவிட்டது. கைத்தொழிலின் மதிப்பு, வாழ்க்கையோடு ஒட்டிய கல்வி, ஏட்டுப் படிப்பின் வறட்சி என்று அத்திட்டத்துக்குச் சார்பாகச் சொல்லப்பட்ட காரணங்கள் யாவும் கேட்பதற்கு இனியவைதாம். ஆனால் அந்த இனிமை ஊர்ப்புறப் பள்ளிக்கு மட்டுமே பரிந்துரைக்கப்பட்டது, நகரத்துப் பள்ளி மணி வழக்கம்போலவே ஒலித்துக்கொண்டிருந்தது. உயர்தட்டுக் கல்வியால் பழகுந்திறன் குறைகிறது என்னும் பேச்சு, அக்கல்வியை அடைந்து முடித்தவர்கள் வாயிலிருந்து அடையத் துடிப்பவர்களை நோக்கி வரும்போது அதே ஐயம் இன்றும் எழுகிறது. அந்த ஐயம் நியாயமானது. ஆகவே இக்குறைக்கான மருந்து, மேல்தட்டில் இருப்போரின் வகுப்பறையில் முதலில் சோதிக்கப்பட வேண்டிய ஒன்று.

கும்மிடிப்பூண்டி சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில், கொல்கத்தா நெடுஞ்சாலையும் புறநகர் ரயில் பாதையும் ஒருங்கே செல்லும் இடத்தில் இருக்கிறது. சிப்காட் வளாகத்தின் உருக்காலைகளும் கம்பி உருட்டாலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும், சற்று மேற்கே தேர்வாய்கண்டிகையில் அமைந்த தொழிற்பூங்காவும் சேர்ந்து இந்த எல்லைப்புற வட்டத்தை ஒரு விசித்திரமான சந்திப்பிடமாக ஆக்கியிருக்கின்றன. ஒரே ஷிப்டில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத் தொழிலாளரும், வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் உள்ளூர்க்காரரும், ஐடிஐ முடித்த அப்ரண்டிஸ்களும், சென்னையின் பொறியியல் கல்லூரியிலிருந்து வந்த ட்ரெய்னிகளும் நிற்கிறார்கள். கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் சிம் கார்டும் மளிகையும் விற்பவர் தமிழிலிருந்து தெலுங்குக்கும் தெலுங்கிலிருந்து இந்திக்கும் தடுக்கி விழாமல் தாவுகிறார். இத்திறனுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் மதிப்பெண் தந்ததில்லை. இந்தக் கூட்டத்தில் புதிதாக வரும் பட்டதாரிப் பொறியாளரே பெரும்பாலும் மொழி குறைந்தவர்.

தூண்டல் உலை எனப்படும் ‘இண்டக்‌ஷன் ஃபர்னஸ்’ வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இக்குறை எங்கே கடிக்கிறது என்பது விளங்கும். நீர் ஓடும் செம்புச் சுருளில் மின்சாரத்தைச் செலுத்தி, அதனால் எழும் காந்தப்புலத்தைக் கொண்டு நடுவிலுள்ள பழைய இரும்பை உருக்குவது இம்முறை. சுருளுக்கும் ஏறத்தாழ 1,600 பாகை செல்சியஸில் உருகி நிற்கும் உலோகத்துக்கும் இடையே இருப்பது ‘லைனிங்’ என்று அழைக்கப்படும் வெப்பந்தாங்கிப் பூச்சு மட்டுமே. ஒவ்வொரு உருக்கிலும், அதாவது ஆலை வழக்கில் ஒவ்வொரு ‘ஹீட்’டிலும், அது சிறிது தேய்கிறது, தேய்ந்து பிளந்தால் உருகிய இரும்பு நீரோடும் சுருளைத் தொடும், வெடிப்பு நிகழும். உள்ளே போடும் ஸ்கிராப்பில் ஈரம் இருந்தாலோ மூடிய உருளை ஒன்று கலந்திருந்தாலோ நீராவி உலோகத்தை மேலே வாரி இறைத்துவிடும். மின்கசிவைக் காட்டும் கருவியும் வெப்பமானியும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் பொறியாளருக்குத் தெரியும். ஆனால் உலையின் ஓசையில் வந்த மாற்றத்தையும், மேலே மிதக்கும் கசடின் நிறத்தையும், ஸ்கிராப் குவியலில் எந்தத் துண்டு கையில் கனமாக இருந்து சந்தேகம் தருகிறது என்பதையும் முதலில் உணர்பவர் உலையடியில் நிற்கும் மெல்ட்டரும் முற்றத்தில் இரும்பைப் பிரிக்கும் கூலித் தொழிலாளியும்தான்.

இவ்வகை அறிவை மைக்கேல் போலானி என்னும் வேதியியலாளர்-தத்துவவாதி உள்ளுறை அறிவு என்று வகைப்படுத்தினார்; உடையவராலேயே முழுதும் சொல்லில் வடிக்க இயலாத அறிவு அது. சொல்லில் வடிக்க முடியாததைக் கேட்டுப் பெறுவதற்குக் கேட்பவருக்குத் தனித்த பொறுமை தேவை. அருகில் நின்று, தவறாகப் புரிந்துகொண்டு, சிரிக்கப்பட்டு, மறுபடி கேட்க வேண்டும். பன்னிரண்டாண்டுப் பள்ளியிலும் நான்காண்டுக் கல்லூரியிலும் விரைந்து விடை சொல்பவராகவே மதிக்கப்பட்ட இளைஞருக்கு, எழுதப் படிக்கத் தடுமாறும் ஒருவர் முன் விடை தெரியாதவராக நிற்பது அதுவரை பழகாத நிலை. அவர் ஆணவம் பிடித்தவராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் கூச்சப்படுகிறார், கேட்டால் மதிப்பு போய்விடும் என்று அஞ்சுகிறார், ஆகவே கருவி காட்டும் எண்ணை மட்டும் பதிவேட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். மயிரிழையில் விபத்து தப்பிய நிகழ்வுகளைத் தொழிற்சாலைகள் ‘நியர் மிஸ்’ என்று பதியச் சொல்கின்றன. தொழிலாளி பேசத் தயங்கும் ஆலையில் அப்பதிவேடு வெறுமையாகவும் அழகாகவும் இருக்கும். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990களில் கண்டதும் இதை ஒத்ததே: நன்கு நடத்தப்பட்ட குழுக்களில்தான் பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன, அங்குப் பிழை மிகுதி என்பது அதன் பொருளன்று, சொல்ல அச்சமில்லை என்பதே. உலையடியில் பழகுந்திறன் குறைந்தால் தற்சிந்தனைக்குக் கிடைக்க வேண்டிய மூலப்பொருளே நின்றுபோகிறது.

சென்னை ஐஐடியின் தொடக்கக் காலத்தில் ஜெர்மானியர் தந்த எந்திரங்களோடு பட்டறைப் பயிற்சிக்கு அழுத்தம் தரும் மரபும் வந்தது. மாணவர்கள் அராவலும் இழைப்பும் வார்ப்பும் கையால் செய்து பழகினர். நாட்டின் மிக உயர்ந்த பொறியியல் கல்வி, கையை அழுக்காக்கும் வேலையைக் கீழானதாகக் கருத வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் பட்டறையில் மாணவர் கை அரத்தைப் பழகியதே தவிர, அரம் பிடித்தே வாழ்பவரோடு அமர்ந்து பழகும் சூழல் வளரவில்லை. மானிடவியலாளர் அஜந்தா சுப்ரமணியன் அந்நிறுவனத்தை மையமாகக் கொண்டு 2019இல் வெளியிட்ட ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ என்னும் ஆய்வுநூல், தலைமுறைகளாகச் சேர்ந்த சாதி நலன்கள் நுழைவுத் தேர்வின் வழியே தனிமனிதத் திறமையாக உருமாறித் தோன்றும் விதத்தை விளக்குகிறது. தன் வெற்றி முழுவதும் தன் மூளையின் விளைவே என்று நம்புபவர் பிறரிடமிருந்து கற்க என்ன இருக்கிறது என்று எண்ணுவது இயல்பு. வடிகட்டல் இருவகையிலும் வேலை செய்கிறது, மாற்று மனிதரை அகற்றுகிறது, அவர் அகற்றப்பட்டதை மறக்கவும் வைக்கிறது.

இதற்கு எதிர்வழக்கும் இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. 1888இல் திருத்தணியில் எளிய குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், அன்றைய சென்னை மாகாணத்தின் உயர்தட்டுக் கல்லூரிகளில் ஒன்றான சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார். அங்கு அவர் பெற்ற மிகப் பெரிய கொடை ஒரு சீண்டல் என்று சொல்லலாம். இந்து சமயத்துக்கு அறவியல் அடிப்படை இல்லை என்னும் மிஷனரி ஆசிரியர்களின் விமர்சனம் அவருடைய நம்பிக்கையை உலுக்கியது. அந்த விமர்சனத்துக்கு விடை தேடியே தாம் தம் சமயத்தை ஆழ்ந்து படிக்க நேர்ந்ததாக அவர் பின்னாளில் எழுதினார். வேதாந்தத்தின் அறவியல் குறித்து 1908இல் அவர் அளித்த முதுகலை ஆய்வேடு அதன் முதற்கனி. மிஷனரிகளின் அந்த விமர்சனத்தை எதிர்த்து வாதிட்ட ஏட்டைப் பாராட்டியவர்களுள் கிறித்தவ இறையியலாளரான ஏ.ஜி. ஹாக் என்னும் ஆசிரியரும் ஒருவர். அக்கல்லூரியும் வடிகட்டிய இடமே. பெண்களையும் ஏழைகளில் மிகப் பெரும்பாலோரையும் அது வெளியே நிறுத்தியிருந்தது. ஆயினும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே சமயம் என்னும் ஆழமான வேறுபாடு வகுப்பறைக்குள்ளேயே இருந்தது, அது மறைக்கப்படவுமில்லை. இன்றைய மதிப்பெண் பள்ளியில் ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் ஒரே இலக்கில் ஒன்றிப் போயிருக்கிறார்கள். அங்கு எதிர்த்துச் சொல்லுவதற்கே பொருள் கிடையாது.

பழகுந்திறனின் முதற்பாடம் பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே, உணவு வரிசையில் நடக்கிறது என்பதைத் தமிழகம் ஒரு கசப்பான நிகழ்விலிருந்து கற்றது. 1920களின் தொடக்கத்தில் வ.வே.சு. ஐயர் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம், ஏட்டுக் கல்வியோடு உடலுழைப்பையும் தாய்மொழியையும் நாட்டுப்பற்றையும் இணைக்க முயன்ற உயர்ந்த நோக்கமுடைய பள்ளி. நிறுவியவர் லண்டனில் சட்டம் பயின்றவர். குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். தமிழ்நாடு காங்கிரஸ் அதற்குப் பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து ஐயாயிரத்தை வழங்கியும் இருந்தது. அங்குப் பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் பெற்றோர் விருப்பப்படி தனியே உணவு பரிமாறப்பட்டது வெளியே தெரிந்தபோது, வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய எதிர்ப்பு மாகாண அரசியலையே திசைதிருப்பிற்று. 1925இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. இரண்டே சிறுவர்கள்தானே என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். பள்ளியின் பாடத்திட்டம் எவ்வளவு தூயதாயினும், யாரோடு யார் உண்பது என்பதே அப்பள்ளி கற்பிக்கும் சமூகப் பாடமாக முந்திக்கொள்ளும் என்பதை அச்சமாதானம் காணத் தவறியது. 1956 முதல் காமராசர் காலத்தில் விரிந்த மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் ஊட்டச்சத்துத் திட்டங்களாகவே அளக்கப்படுகின்றன. ஒரே தரையில் ஒரே சோற்றை உண்ண வைத்ததன் விளைவை அளக்க எவரும் அவ்வளவாக முற்படவில்லை. தனியார் பள்ளியின் பிள்ளையோ தன் வீட்டுச் சமையலைத் தன் டப்பாவில் கொண்டுபோய், தன் வீட்டைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவரோடு உண்டு திரும்புகிறது.

கலந்து பயில்வதால் வசதி படைத்த பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு இந்தியாவிலேயே வலுவான சான்று ஒன்று உண்டு. தில்லியில் அரசு நிலத்தைச் சலுகை விலையில் பெற்றிருந்த தனியார் பள்ளிகள் ஏழை மாணவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்னும் விதி 2007இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் ஒரே பள்ளியில் சில வகுப்புகளில் ஏழைத் தோழர்களும், அவற்றுக்கு மேற்பட்ட வகுப்புகளில் அவர்கள் இல்லாமையும் ஏற்பட்டதைப் பொருளியலாளர் கௌதம் ராவ் பயன்படுத்திக்கொண்டார். 2019இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளியான அவருடைய ஆய்வின்படி, ஏழைத் தோழர் உள்ள வகுப்பின் வசதி படைத்த மாணவர்கள் பிறருக்குப் பகிர்ந்தளிப்பதில் தாராளம் மிக்கவராகவும், ஏழைப் பிள்ளைகளோடு விளையாட விரும்புபவராகவும் இருந்தனர். தொடர் ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, பரிசு சிறிதாயின் வேகமாக ஓடும் ஏழைச் சிறுவனை விட்டுவிட்டு மெதுவாக ஓடும் வசதி படைத்தவனைத் தேர்வதும், பரிசு பெரிதானால் அந்த ஒதுக்கல் குறைவதும் காணப்பட்டன. ஏழைத் தோழரோடு பயின்றவரிடம் அவ்வொதுக்கலே குறைவாக இருந்தது. மதிப்பெண்ணைப் பொறுத்தவரை இந்தியிலும் கணிதத்திலும் பாதிப்பில்லை, ஆங்கிலத்தில் சிறு சரிவு தென்பட்டது. பெற்றோர் பலருக்கு அந்தச் சிறு சரிவே பெரிதாகத் தெரியும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ராவின் ஆய்வில் அவ்வளவாகப் பேசப்படாத நுணுக்கம் ஒன்று இருக்கிறது. சில பள்ளிகள் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகரவரிசைப்படி பிரித்தன. அதனால் தற்செயலாக ஓர் ஏழைத் தோழரோடு ஒரே குழுவில் அமர்ந்தவரிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது. ஒரே கூரையின் கீழ் இருப்பது போதாது, ஒரே பலகையில் இருக்க வேண்டும் என்பது இதனால் புலப்படுகிறது. 2022இல் ‘நேச்சர்’ இதழில் ராஜ் செட்டி குழுவினர் அமெரிக்காவின் ஏழு கோடிக்கு மேற்பட்ட முகநூல் பயனர்களின் நட்புத் தொடர்புகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு வழியில் காட்டியது. வேறு வர்க்கத்தாரை எதிர்ப்படும் வாய்ப்பு ஒன்று, எதிர்ப்பட்டும் தன் வர்க்கத்தாரையே நண்பராக்கிக்கொள்ளும் நட்புச் சாய்வு மற்றொன்று என அவர்கள் இரண்டாகப் பிரித்தனர். பெரிய பள்ளிகளிலும், மாணவரைத் திறன்வாரியாகப் பிரிவுகளில் அடைக்கும் பள்ளிகளிலும் நட்புச் சாய்வு மிகுதி என்று கண்டனர். இங்குள்ள பள்ளிகளில் ‘ஏ செக்‌ஷன்’ என்றால் என்ன பொருள் என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். நீட், ஜேஇஇ சிறப்பு வகுப்பு என்ற பெயரில் எட்டாம் வகுப்பிலேயே தனிப் பிரிவு தொடங்கும் பள்ளிகள், வாயிலில் ஒருமுறை வடிகட்டியதை உள்ளே மறுமுறை வடிகட்டுகின்றன.

உயர்தட்டினர் பழகத் தெரியாதவர் என்பதையே மறுப்பவரும் உண்டு. சமூகவியலாளர் ஷேமஸ் கான், அமெரிக்காவின் செயின்ட் பால்ஸ் என்னும் செல்வந்தர் உறைவிடப் பள்ளியைப் பற்றி 2011இல் எழுதிய நூலில், இன்றைய மேல்தட்டுப் பிள்ளைகள் எல்லோருடனும் எளிதாகப் பேசும் லாவகத்தைத் தனிக் கலையாகவே கற்கிறார்கள் என்கிறார். அம்மறுப்பை ஏற்கலாம்; ஆனால் அந்த லாவகத்தில் பிள்ளை எதையும் இழப்பதில்லை, திருத்தப்படுவதுமில்லை. சமையற்காரரிடம் நலம் விசாரிக்கத் தெரிந்தவர் அவரிடமிருந்து தம் கருத்தை மாற்றிக்கொள்ள அணியமாக இருக்கிறார் என்று கொள்ள முடியாது. கும்மிடிப்பூண்டியிலும் ‘பய்யா’ என்று தோளில் தட்டிப் பேசும் மேலாளர்களுக்குக் குறைவில்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு தலைமுறைக்கு முன் வேறொரு ஏற்பாடும் இருந்தது. ஆவடியில் 1965 முதல் விஜயந்தா டாங்கிகளை வெளியிட்ட கனரக வாகனத் தொழிற்சாலையின் குடியிருப்பில், வீடுகள் பதவிக்கேற்ப வகை வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும் அதிகாரி வீட்டுப் பிள்ளையும் ஃபிட்டர் வீட்டுப் பிள்ளையும் வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளியில் பயில வழியிருந்தது. பொதுத்துறைக் குடியிருப்புகளுக்கு ஆயிரம் குறை சொல்லலாம், சாதியும் கிரேடும் அங்கும் எட்டிப் பார்க்காமல் இல்லை. ஆயினும் அண்மைப் பள்ளிக்கு இந்தியாவில் கிடைத்த மிக நெருங்கிய உருவம் அதுவே. தனியார் தொழிற்பகுதிகள் அந்த ஏற்பாட்டைத் தொடரவில்லை. கும்மிடிப்பூண்டி ஆலைகளின் மேலாளர்கள் பலர் சென்னையிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புகிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளி நகரத்தில் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளை உள்ளூர் அரசுப் பள்ளியில் இருக்கிறது, அல்லது பல நூறு மைல் தொலைவில் தாத்தா பாட்டியோடு இருக்கிறது. செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வருபவர்களின் பிள்ளைகளுக்காக இம்மாவட்டத்தில் பணியிடப் பள்ளிகள் நடத்தப்பட்டு, ஒடியா மொழியில் கற்பிக்கப்பட்டது பாராட்டத்தக்கது. சூளையில் பள்ளி இல்லாமையோடு ஒப்பிட அது பெரிய முன்னேற்றம், தெருவுக்கு அந்தப்புறம் இருக்கும் பள்ளியோடு ஒப்பிட அதுவும் தனி வகுப்பறைதான்.

சட்டம் செய்த முயற்சிகளின் கதை சுருக்கமானது. நான்கு வாரியங்களாகச் சிதறிக் கிடந்த பள்ளிக் கல்வியை ஒரே பாடத்திட்டத்தின் கீழ்க் கொண்டுவந்த சமச்சீர்க் கல்வி, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2011 ஆகஸ்ட் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாலும் நிலைபெற்றது. பாடநூல் ஒன்றாயிற்று, ஆனால் வகுப்பறை ஒன்றாகவில்லை. வசதி படைத்தோரில் ஒரு பகுதியினர் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு நகர்ந்தனர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவு, தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கக் கோருகிறது. 2012இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்து, 2014இல் சிறுபான்மை நிறுவனங்களுக்கு முழு விலக்கு அளித்தது. தமிழ்நாட்டில் இவ்வொதுக்கீடு கட்டணத்தை அரசு திருப்பித் தரும் திட்டமாகவே பேசப்படுகிறது. எத்தனை இடம், எவ்வளவு நிலுவை என்பதே ஆண்டுதோறும் வாதம். அந்த 25 பேர் எஞ்சிய 75 பேருக்கு என்ன கற்றுத் தருகிறார்கள் என்னும் கேள்வியை, அதாவது கோத்தாரி ஆணையம் எழுப்பிய அதே கேள்வியை, பள்ளி நிர்வாகமும் கேட்பதில்லை, அரசும் கேட்பதில்லை.

உயர்கல்வி நிலையில் வாய்ப்பு சற்றுத் தாமதமாகவேனும் மறுபடி வருகிறது. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டியவுடன் ஸ்ரீசிட்டித் தொழில்நகரம்; ஆலைகளுக்கு நடுவே 2013இல் தொடங்கிய ஐஐஐடியும், 2018இல் கலை, அறிவியல் துறைகளை இணைத்துக் கற்பிக்கும் நோக்கோடு தோன்றிய கிரியா பல்கலைக்கழகமும் அங்கு இருக்கின்றன. தெற்கே கவரைப்பேட்டையிலும் ஆவடிப் பக்கத்திலும் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. உலைக்கும் வகுப்பறைக்கும் இடையே பேருந்துத் தொலைவுதான். ஆயினும் மாணவர் வழக்கில் ‘ஐ.வி.’ எனப்படும் தொழிற்சாலைப் பார்வையிடல் பெரும்பாலும் சுற்றுலாவின் முதற்பகுதியாகவே முடிந்துவிடுகிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் 2018ஆம் ஆண்டு மாதிரிப் பாடத்திட்டம் வலியுறுத்தும் உள்ளகப் பயிற்சியும் பல இடங்களில் சான்றிதழோடு நின்றுவிடுகிறது. இதற்கு மாற்றாக, ஓர் உலையின் லைனிங் பூசப்பட்ட நாளிலிருந்து தேய்ந்து உடைத்தெடுக்கப்படும் நாள் வரை மாணவர் ஒரே மெல்ட்டரின் கீழ் நிற்பதும், அவர் சொன்னதையும் கருவி சொன்னதையும் எதிரெதிராக எழுதிவருவதும், எங்கே எது பிழைத்தது என்பதை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்வதும், அம்மதிப்பீட்டில் ஒரு பகுதி மதிப்பெண்ணை அந்த மெல்ட்டரே வழங்குவதும் நடைமுறைக்கு ஒவ்வாதவை அல்ல. இதில் முதலில் எழும் தடை பல்கலைக்கழக விதியிலிருந்து வராது. அந்த மெல்ட்டர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆள். அவர் பெயர் ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டில்தான் இருக்கும். அவருடைய கையெழுத்தை மாணவரின் மதிப்பெண் தாளில் ஏற்க விரும்பும் ஆலை, இவர் எங்கள் உலையில் இத்தனை ஆண்டு வேலை பார்த்தவர் என்று முதலில் தன் முத்திரையோடு எழுதித் தர வேண்டியிருக்கும்.